வீடியோ கேம் நிறுவன இசைக்குழு (ஜப்பான்)

வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் மாதச் சம்பளத்தில் அமர்த்தி, தன் விளையாட்டுகளுக்கான இசையையும் ஒலிகளையும் செய்யவைக்கும் ஊழியர் பிரிவு நிறுவன இசைக்குழு எனப்படும். இம்முறை 1980களின் ஜப்பானில் முழு வடிவம் பெற்றது. கோனாமியின் குகெய்ஹா கிளப், டைட்டோவின் ஸுன்டாட்டா, கேப்காமின் ஆல்ஃப் லைலா, சேகாவின் எஸ்.எஸ்.டி. பேண்ட், நிஹோன் ஃபால்காமின் ஜே.டி.கே. ஆகியவை பெயர்பெற்ற குழுக்கள். இவற்றில் பிறந்த மெட்டுகளைக் கோடிக்கணக்கான சிறுவர்கள் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். மெட்டமைத்தவர் யார் என்பது மட்டும் நெடுங்காலம் மறைந்திருந்தது.

வேலை முறை

1983இல் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகள்தான் எழும்: மெட்டுக்கு இரண்டு துடிப்பலைகள், தாழ்சுரத்துக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல், பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. கோனாமி குழுவின் பெயரில் உள்ள ‘குகெய்ஹா’ இந்தச் செவ்வக வடிவத் துடிப்பலையையே குறிக்கிறது. இந்த ஒலிகளை எழுப்பும் சிப்பை இயக்க ‘சவுண்ட் டிரைவர்’ என்னும் சிறு நிரல் வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு டிரைவரை எழுதி வைத்திருந்தது. ஒரே கருவியில் ஓடினாலும் கோனாமி விளையாட்டும் கேப்காம் விளையாட்டும் காதுக்கு வேறுவேறாகக் கேட்டதற்கு இது பெரிய காரணம்.

மெட்டு உருவானதும் சுரம், நீளம், ஓசையளவு எல்லாம் எண்களாகவும் எழுத்துகளாகவும் தட்டச்சு செய்யப்படும். நினைவகம் மிகச் சிறியது. ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ (1985) விளையாட்டு முழுவதும், படமும் இசையும் சேர்த்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதனால் மெட்டுகள் குறுகியவை. முடிந்ததும் மீண்டும் தொடங்கி, நூறு முறை கேட்டாலும் சலிக்காமல் இருக்க வேண்டும். இன்னொரு நெருக்கடியும் உண்டு. வீரன் குதிக்கும்போதோ சுடும்போதோ அந்த ஓசை இசையின் ஒரு தடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். எந்தத் தடத்தைப் பறிகொடுத்தால் மெட்டு சிதையாது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதினார்கள். இந்த வேலையில் இசைஞானமும் நிரல் அறிவும் பிரிக்க முடியாதவை. ‘அவுட் ரன்’ (1986) இசையைத் தந்த ஹிரோஷி கவாகுச்சி, சேகாவில் நிரலாளராகச் சேர்ந்தவர்தான்.

பெயர் குறிப்பிடல்

இத்துறையின் பெயர் வழக்கத்தை விளங்கிக்கொள்ள 1986 என்ற ஓராண்டே போதும். பிப்ரவரியில் வந்த நின்டெண்டோவின் ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’ விளையாட்டின் இறுதித் திரையில் நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் பெயர் சரியாக இருக்கிறது. இயக்குநர் மியாமோட்டோ ‘மியாஹோன்’ ஆகிவிட்டார். இசையமைப்பாளர் கோஜி கொண்டோவுக்குக் கிடைத்தது ‘கொன்சான்’ என்ற செல்லப்பெயர். ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் ‘மெட்ராய்டு’ வந்தபோது அதன் இசையமைப்பாளர் ஹிரோகாசு தனாகா ‘ஹிப் தனாகா’ ஆனார். செப்டம்பரில் வெளியான கோனாமியின் ‘அகுமாஜோ டிராகுலா’ (மேலைநாடுகளில் ‘காஸில்வேனியா’) இன்னும் ஒரு படி போனது. அதன் பெயர்ப் பட்டியல் முழுவதும் பழைய பேய்ப்படக் கலைஞர்களின் பெயர்களைத் திரித்த விளையாட்டு. 1958ஆம் ஆண்டு டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயர் ‘ஜேம்ஸ் பனானா’ என்று திரிக்கப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் கினுயோ யமாஷிதா என்ற இளம்பெண். அந்த விளையாட்டுக்கு அவருடன் சாதோயே தெராஷிமாவும் இசையமைத்தார்.

அதே ஆண்டு மே மாதம் எனிக்ஸ் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ மட்டும் விலகி நிற்கிறது. அதன் இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா முழுப்பெயருடன் குறிக்கப்பட்டார். அவர் எனிக்ஸின் ஊழியர் அல்லர். தொலைக்காட்சி இசையில் முன்பே புகழ்பெற்று, வெளியிலிருந்து வந்தவர். பெயர் கிடைப்பதைத் தீர்மானித்தது இசையின் தரம் அல்ல, வேலை ஒப்பந்தம்.

கேப்காமிலும் ஊழியர்களுக்குப் புனைபெயர்தான். ‘ராக்மேன்’ (1987) இசையை அமைத்த மனாமி மட்சுமயே ‘சான்சாகொரின் மனாமி’ என்றும், அடுத்த பாகத்துக்கு (1988) இசை தந்த தகாஷி தாதெய்ஷி ‘ஒகெரெட்சு குன்’ என்றும் குறிக்கப்பட்டனர். 1988இல் கேப்காமில் சேர்ந்த யோகோ ஷிமோமுரா, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ (1991) மெட்டுகளில் பெரும்பாலானவற்றை அமைத்தவர்; எஞ்சிய சில இசாவோ அபேயுடையவை. ஷிமோமுரா 1993இல் ஸ்குவேர் நிறுவனத்துக்கு மாறினார். திறமையான ஊழியரைப் போட்டி நிறுவனம் இழுத்துக்கொள்ளும் என்ற அச்சமே இந்தப் புனைபெயர் வழக்கத்துக்கு முக்கியக் காரணம். ஊழியர்களே வேடிக்கையாகச் சூட்டிக்கொண்டவை என்ற விளக்கம் சில பெயர்களுக்குப் பொருந்தலாம். வழக்கம் முழுவதற்கும் பொருந்தாது. இக்குழுக்களில் பெண்கள் நிறைய இருந்தார்கள். ‘கிரேடியஸ்’ (1985) இசையைத் தந்த மிகி ஹிகாஷினோ அப்போது மாணவி. இப்பெண்களுக்குச் சேர வேண்டிய புகழ் பல ஆண்டுகள் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. அதன் 15ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் முயற்சியில் ஊழியர் கடமையாகச் செய்து, நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிடப்படும் படைப்புக்கு, வேறு ஏற்பாடு இல்லாதபோது, நிறுவனமே ஆசிரியர். படைப்பாளி தன் பெயரைக் குறிப்பிடச் செய்யும் உரிமையை 19ஆம் பிரிவு தருகிறது. ஆசிரியர் நிறுவனம் என்று ஆகிவிட்டால் ஊழியருக்கு அந்த உரிமையும் இல்லை.

இசைத்தட்டுகள்

விளையாட்டு இசைக்கென்றே ஜப்பானில் வந்த முதல் இசைத்தட்டு, 1984இல் ஆல்ஃபா நிறுவனத்தின் ‘யென்’ முத்திரையில் வெளியான ‘வீடியோ கேம் மியூசிக்’. நாம்கோ நிறுவன விளையாட்டுகளின் மெட்டுகளைக் கொண்ட இத்தட்டைத் தயாரித்தவர் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் ஹருஓமி ஹொசொனோ. பிறகு நிறுவனங்கள் தங்கள் குழுக்களையே கலைஞர்களாக முன்னிறுத்தின. மூன்று திரைகளும் அதிரும் இருக்கையும் கொண்ட ‘டேரியஸ்’ ஆட்டத்தின் இசையால் ஹிசயோஷி ஒகுராவும் ஸுன்டாட்டாவும் பெயர் பெற்றனர். சேகாவின் பேண்ட் மேடையேறி வாசித்தது. ஃபால்காமோ தட்டுகளில் பெரும்பாலும் குழுவின் பெயரை மட்டும் போட்டது. ‘ஈஸ்’ (1987) இசை யூசோ கோஷிரோ, மியேகோ இஷிகாவா போன்றோருடையது என்பதை ரசிகர்கள் தேடித்தான் அறிந்தார்கள். கோஷிரோ பின்னர் தனித்து இயங்கி, சேகாவின் ‘பேர் நக்கிள்’ (1991) தலைப்புத் திரையிலேயே தன் பெயரை இடம்பெறச் செய்தார். ஊழியராக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

இன்றைய நிலை

இப்போது பெரிய விளையாட்டுகளின் இறுதித் திரையில் இசையமைப்பாளர் முதல் ஒலிப்பதிவாளர் வரை இயற்பெயர்கள் வருகின்றன. வெளி இசையமைப்பாளர்களை அமர்த்துவதும் சாதாரணமாகிவிட்டது. ஸுன்டாட்டாவும் ஜே.டி.கே.வும் தொடர்ந்து இயங்குகின்றன.