கிள்ளான் கொசுவும் லண்டன் நன்கொடையும்

பூச்சோங்கில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். மண்டபத்து மின்விசிறியின் இறக்கையில் ஒரு பெயர். குழல் விளக்கின் மேல் இன்னொரு பெயர். நுழைவாயில் சுவரில் கறுப்புக் கல்லில் நன்கொடையாளர் பட்டியல். ஆயிரம் வெள்ளி கொடுத்தவர் மேலே, நூறு வெள்ளி கொடுத்தவர் கீழே. விளக்கு எரிகிறதோ இல்லையோ, உபயம் யார் என்பது மட்டும் பளிச்சென்று தெரியும்!

கேலிக்காகச் சொல்வதல்ல. கொடுத்தவர் பெயரை எழுதி வைப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். உலக சுகாதாரத்துக்காகத் திரட்டப்பட்ட பெரிய நிதிகளுக்கும் உபயப் பட்டியல் உண்டு. ஆனால், அந்த நிதியைக் கேட்பதற்கான ஆதாரங்களில் ஒரு பகுதி, பூச்சோங்கை ஒட்டி ஓடும் இதே கிள்ளான் ஆற்றங்கரையில்தான் திரட்டப்பட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆண்டு 1901. கிள்ளான் அரசாங்க மருத்துவமனைக்கு மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து டாக்டர் வருகிறார். ஊரைச் சுற்றிலும் சதுப்பு நிலம். வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறக்கிறார்கள். அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான். திறந்த சில வாரங்களிலேயே தொழிலாளிகளும் அதிகாரிகளும் காய்ச்சலில் சுருண்டு விழ, துறைமுகத்தை மூடிவிடலாமா என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். அதற்குப் பிறகு நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. புத்தகத்தில் இருந்ததை வாட்சன் தரையில் செய்து பார்த்தார். காட்டை வெட்டினார்கள், வடிகால் தோண்டினார்கள், தேங்கிய நீரை ஓடவிட்டார்கள். அதன் பலன் ஒரு சின்னப் பட்டியலில் அடங்கிவிடுகிறது. கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901-இல் இறந்தவர்கள் 582 பேர். 1902-இல் 144 பேர். 1903-இல் 115 பேர்.

1905 முடியும்வரை இரண்டு இடங்களுக்கும் சேர்த்து ஆன செலவு ஏறக்குறைய 10,000 பவுன். அது நன்கொடை அல்ல, அரசாங்கப் பணம். அன்றைய அரசாங்க வருமானத்தில் பெரும்பங்கு ஈயத்தின் மீதான வரி. ஈயலம்பத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களோ சீனத் தொழிலாளிகள். ஆக, கிள்ளானைக் காப்பாற்றிய பணத்துக்கு யார் உபயம் என்று கேட்டால் பதில் கொஞ்சம் சிக்கலானது.

ஆனால் 582, 144, 115 என்ற அந்த மூன்று எண்கள் உலகத்தைச் சுற்றின. கொசு ஒழிப்புக்குச் செலவு செய்தால் பலன் உண்டா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ராஸ் எடுத்துக் காட்டிய சான்றுகளில் கிள்ளானும் ஒன்று. நன்கொடை கேட்கப் போகிறவர் கையில் முதலில் இருக்க வேண்டியது இப்படி ஒரு கணக்குத்தான். இன்றைக்கும் அதே நிலைதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஊருக்குள் இறப்பு குறைந்த அதே காலத்தில், ஊருக்கு வெளியே அதே மாவட்டத்தில் அது குறையவில்லை. காரணம் ரப்பர்! இன்று நெடுஞ்சாலையும் கடைவரிசையுமாக இருக்கும் பூச்சோங் வட்டாரம் அன்று பால்மரத் தோட்டமும் ஈயலம்பமும்தான். ஆற்றுக்கு அக்கரையில், இப்போது சுபாங் ஜெயா, யூஎஸ்ஜே என்று வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் சீபீல்டு தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். வந்தவர்களை லயத்தில் காய்ச்சல் காத்திருந்து பிடித்துக்கொண்டது.

1911-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இருந்த பாட்டாளிகள் சுமார் 1,43,000 பேர். அந்த ஓராண்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். அதாவது ஆயிரம் பேருக்கு 62-க்கும் மேல். மலேரியாவோடு வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொண்டன. இது சராசரிதான். மோசமான தோட்டங்களில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

சீபீல்டு என்றதும் பலருக்கு மாரியம்மன் கோயில்தான் நினைவுக்கு வரும். அதில் வியப்பில்லை. காய்ச்சல் கண்டால் நம்மவர்கள் முதலில் போய் நின்றது அம்மனிடம்தான். சம்பளத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கென்று ஒதுக்கியவர்கள் அவர்கள். தோட்டத்தின் முதல் நன்கொடையாளர்கள் யார் என்றால் பால்மரம் வெட்டிய அந்தக் கூலிகளைத்தான் சொல்ல வேண்டும்.

மலேரியா வரலாற்றில் சீபீல்டு இடம்பெற்றதற்குக் காரணம் வேறு. கிள்ளானின் தாழ்நிலத்தில் காட்டை வெட்டினால் காய்ச்சல் குறைந்தது. சீபீல்டு போன்ற மேட்டு நிலத்திலோ காட்டை வெட்டினால் காய்ச்சல் கூடியது! ஏன்? சதுப்புக் காட்டின் நிழலில் வளரும் கொசு ஒன்று. வெயில் படும் ஓடைநீரில் வளரும் கொசு வேறொன்று. மரத்தை வெட்டி ஓடையில் வெயில் விழச் செய்ததும் இரண்டாவது கொசுவுக்குக் கொண்டாட்டம். இதைப் புரிந்துகொண்ட வாட்சன், ஓடைகளைக் குழாய் போட்டு மண்ணுக்கடியில் ஓடவிட்டார். பிறகு தண்ணீரில் எண்ணெய் தெளிக்கச் செய்தார். எந்தக் கொசு என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் குறிவைக்கும் முறை உலகத்துக்குப் போனதில் நம் வட்டாரத்துக்குப் பெரிய பங்குண்டு.

குழாய்க்கும் எண்ணெய்க்கும் தோட்ட முதலாளிகள் பணம் தர வேண்டுமே! வாட்சன் அவர்களிடம் இரக்கத்தை மட்டும் பேசவில்லை, கணக்கைப் பேசினார். ஓர் ஆளைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவர எவ்வளவு செலவு? 1907 முதல் அதற்கென்று தமிழர் குடியேற்ற நிதிக்கே முதலாளிகள் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் மூன்று மாதத்தில் செத்தால் நட்டம். படுத்த படுக்கையாகக் கிடந்தால் மரம் வெட்டாமல் நிற்கும், அதுவும் நட்டம். எண்ணெய் தெளிப்பது அதைவிட மலிவு. துரைமார் ஒப்புக்கொண்டார்கள்.

வாட்சன் இரக்கமற்ற மனிதர் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியவர் அவர். கேட்பவர் காதில் எது ஏறுமோ அதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்குக்கு ஆதாரம் எங்கிருந்து கிடைத்தது? லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று எண்ணுவார்கள். நூற்றுக்கு எத்தனை பிள்ளைக்கு வீக்கம் என்பதுதான் அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவு. அறிக்கையில் விழுக்காடு ஏறியது. பிள்ளைகளின் பெயர் ஏறவில்லை.

இந்தப் பக்கம் இப்படி என்றால், லண்டன் பக்கம் என்ன நடந்தது? வெப்பமண்டல நோய்களுக்காக லிவர்பூலில் 1898-இல் தொடங்கிய கல்விக்கூடத்துக்கு முதல் பணம் தந்தவர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் விட்ட ஆல்பிரட் ஜோன்ஸ். ஆண்டுக்கு 350 பவுன். கப்பல்காரருக்கு மாலுமியும் வணிகரும் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கவலை இயல்புதானே! 1926-இல் ராஸ் பெயரில் ஒரு நிலையம் லண்டனில் பொது நன்கொடையால் திறக்கப்பட்டது. 1928-இல் வாட்சன் மலாயாவை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். ரப்பர், தேயிலைக் கம்பெனிகள் அந்த நிலையத்துக்குச் சந்தா கட்டின. அடுத்து வட ரொடீசியாவின் ரோன் ஆண்டிலோப் செம்புச் சுரங்கம் அதன் உதவியைக் கேட்டது. கிள்ளானில் கற்றது இப்படி ஆப்பிரிக்கா போனது. 1934-இல் அந்த நிலையம் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது.

இதில் வேடிக்கை ஒன்று. தன் பெயரில் நிலையத்துக்கு ஊரெல்லாம் பணம் திரட்டிய அதே காலத்தில், நோபல் பரிசு பெற்ற ராஸ் தன் பழைய தாள்களையும் கடிதங்களையும் விற்பனைக்கு வைத்தார். 1928-இல் ஹூஸ்டன் சீமாட்டி 2,000 பவுன் கொடுத்து அவற்றை வாங்கினார். நிலையத்துக்கு நிதி சேர்ந்தது, மனிதருக்குச் சேரவில்லை.

அமெரிக்கப் பணமும் மலாயாவுக்கு வந்தது. எண்ணெய் வணிகத்தில் குவித்த செல்வத்தால் ராக்பெல்லர் தொடங்கிய அறக்கட்டளை, 1915 முதல் 1917 வரை கொக்கிப்புழுவை ஆராய ஒரு குழுவை இங்கே அனுப்பியது. பாட்டாளிகளுக்கு மருந்து கொடுத்து, மலத்தில் விழுந்த புழுக்களை ஒன்றுவிடாமல் எண்ணினார்கள். பிறகு 1925-இல் சர்வதேச சங்கத்தின் சுகாதார அலுவலகம் ஒன்று சிங்கப்பூரில் திறக்கப்பட்டதும் ராக்பெல்லர் நிதியில்தான். எந்தத் துறைமுகத்தில் பிளேக், எந்தத் துறைமுகத்தில் காலரா என்று வாராவாரம் அங்கிருந்து தந்தி பறந்தது. லண்டன் கல்லூரிக்கும் ராக்பெல்லர் அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கொடுத்தது. 1929-இல் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் வெளிச்சுவரில் மருத்துவ மேதைகளின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். மாடங்களின் கம்பிகளில் நோய் பரப்பும் உயிர்களின் உருவங்கள், தங்க முலாம் பூசி. கொசுவும் உண்டு. சீபீல்டு லயத்துப் பிள்ளைகளைக் கடித்த இனத்துக்கு லண்டனில் தங்கச் சிலை!

கொடுத்தவருக்குக் கல்வெட்டு, கொசுவுக்குச் சிலை. ஆதாரமாக நின்றவர்களுக்கு? அந்த அறிக்கைகள் எதுவும் அவர்களுக்குப் படித்துக் காட்டப்படவில்லை. பணம் கொடுத்தவரிடம் கணக்கு ஒப்படைத்தால் போதும் என்பதுதான் அன்றைய நியாயம்.

போருக்குப் பிறகு வேறு விதமான கொடை ஒன்று வந்தது. சயாம் மரண ரயில் பாதையிலிருந்து திரும்பியவர்களும், திரும்பாதவர்களின் குடும்பங்களும் தோட்டங்களில் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, 1946 மார்ச்சில் நேரு மலாயா வந்தார். அதைத் தொடர்ந்து இந்திய தேசிய காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை இங்கே அனுப்பியது. அந்தக் குழுவோடு சேர்ந்து பணியாற்றியவர்களில் ஜானகி ஆதி நாகப்பனும் ஒருவர். கோலாலம்பூரில் 1943-இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தன் காதணியைக் கழற்றிக் கொடுத்த அதே பெண். ஜான்சி ராணிப் படையில் இருந்துவிட்டு வந்து, மருந்துப் பெட்டியோடு தோட்டம் தோட்டமாகப் போனார். எத்தனை மரம் வெட்டாமல் நிற்கிறது என்று கேட்காமல் வந்த உதவி அது.

கோலாலம்பூரே கொடுக்கும் ஊராக மாற இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1999-இல் கொசோவோ போர்க் காட்சிகளைப் பார்த்த மகப்பேற்று மருத்துவர் டாக்டர் ஜெமிலா மாமுட், உதவிக்குப் போக இங்கே அமைப்பு இல்லை என்று கண்டு, நண்பர்களோடு சேர்ந்து மெர்சி மலேசியாவைத் தொடங்கினார். 2001-இல் குஜராத் நிலநடுக்கம், பிறகு ஆப்கானிஸ்தான். 2003-இல் பாக்தாதில் அவரே குண்டடிபட்டார். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. அச்சே, இலங்கை என்று எல்லா இடத்துக்கும் மலேசியர்கள் வாரி வழங்கினார்கள்.

சுனாமிக்கு உலகம் முழுக்கச் சேர்ந்தது 1,300 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு வாரம் கழித்து, “சுனாமிக்குப் போதும், இனி அனுப்ப வேண்டாம்” என்றே அறிவித்துவிட்டது. நிதி திரட்டுவோர் அதிர்ந்துபோனார்கள்! ஆனால் உண்மை அதுதான். தொலைக்காட்சியில் படம் ஓடும்வரை உண்டியல் நிரம்பும். படம் ஓடாத பஞ்சத்துக்கும் காய்ச்சலுக்கும் யார் கொடுப்பார்கள்?

மெர்சி மலேசியா செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஜெனீவாவில் 2003-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, உதவி நிறுவனங்களுக்கு ஒரு புது விதி வகுத்தது. பணம் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, உதவி பெறுபவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அவர் புகார் சொன்னால் கேட்க வேண்டும். அந்தச் சோதனைக்கு உட்பட்டு மெர்சி மலேசியா 2007-இல் சான்றிதழ் பெற்றது. லயத்துப் பிள்ளைகளின் மண்ணீரலை எண்ணிய காலத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால், அந்த அறிக்கைகள் தமிழிலும் எழுதப்பட்டிருக்கும்.

2018 முதல் மனிதருக்கு மனிதர் கொசு வழியாகப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் இல்லை என்ற நிலையை மலேசியா எட்டியது. கிள்ளானில் தோண்டிய முதல் வடிகாலுக்குப் பிறகு 117 ஆண்டுகள். ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் இன்னொரு மலேரியா இருக்கிறது. சரவாக்கின் கப்பிட்டில் அது பலரைத் தாக்குகிறது என்று பேராசிரியர் பால்பீர் சிங் குழுவினர் 2004-இல் உலகுக்குக் காட்டினார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் அதில் படுக்கிறார்கள், சிலர் இறக்கிறார்கள். அமெரிக்கா 2025-இல் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது பல நாடுகளின் மலேரியா திட்டங்கள் தடுமாறின. மலேசியா சொந்தச் செலவில் சமாளிக்கும் நாடு.

இந்தக் குரங்கு மலேரியா அதிகம் பிடிப்பது காட்டோரம் வேலை செய்பவர்களை. தோட்டங்களில் அந்த வேலையைச் செய்வோரில் பலர் இன்று கடல் கடந்து வந்த இந்தோனேசியர், வங்காளதேசிகள். கூலிக்கு வந்தவர்கள், கொங்சி வீட்டில் தங்கியிருப்பவர்கள். கிளினிக்கில் அவர்கள் பெயரைப் பதியும்போது, கடப்பிதழ் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.