பாறைமேல் ஒரு கொக்கு

ஒருவன் நினைத்ததைச் சாதிக்க அடம் பிடித்தால், 'ஒற்றைக் காலில் நிற்கிறான்' என்கிறோம். இந்தப் பேச்சை முதலில் வழங்கியவர் அப்படி ஒரு நாழிகையாவது நின்று பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகந்தான். நின்று பார்த்தால் தெரியும்: அதில் பிடிவாதம் கொஞ்சம், விட்டுக்கொடுப்பதுதான் அதிகம். கணுக்கால் ஒரு கணம் உட்புறம் சாய்கிறது, மறு கணம் வெளிப்புறம் சாய்கிறது. இடுப்பு அதற்கு ஈடு கொடுக்கிறது. அசையாமல் நிற்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும் மனிதன் உள்ளுக்குள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறான்.

இந்த நிலையை ஒரு போர் வித்தையாகவே வளர்த்த தீவு ஒன்று இருக்கிறது. அது ஓகினாவா, கராத்தே பிறந்த மண். அந்த வித்தையில் 'காத்தா' என்று ஒன்று உண்டு. எதிராளி யாரும் இல்லாமல், அடியும் தடுப்பும் உதையும் திரும்புதலும் முன்பே வகுத்த வரிசையில் தனியாகச் செய்து பழகும் பாடம் அது. நம் சங்கீத வித்துவான்கள் கீர்த்தனையைப் பாடாந்தரமாக வைத்திருப்பது போல, அவர்கள் காத்தாக்களை வைத்திருக்கிறார்கள். அவற்றுள் 'சிந்தோ' என்ற காத்தாவில்தான் அந்த ஒற்றைக்கால் நிலை வருகிறது. பயில்பவன் ஒரு காலைத் தூக்கி, அந்தப் பாதத்தை நிற்கும் காலின் முழங்காலுக்குப் பின்னால் கோத்துக்கொள்கிறான். நிற்கும் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். ஒரு கை உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருக்கும். அப்படியே ஒரு மூச்சு நேரம் நின்றபின், தூக்கிய காலைத் தரையில் ஊன்றாமலே பக்கவாட்டில் உதைக்கிறான். திரும்புகிறான். மறுபடியும் அதே நிலை.

சண்டையில் யாராவது இப்படி நிற்பார்களா என்று கேட்கலாம். பெரும்பாலும் நிற்க மாட்டார்கள். காலை வாரும் உதையிலிருந்து தப்புவதற்கும், தூக்கிய காலையே ஆயுதமாக வைத்துக்கொள்வதற்கும் இது உதவும் என்பார்கள். ஆனால் இதன் பெரும்பயன் பயிற்சியில்தான் இருக்கிறது. இரண்டு காலில் நிற்கும்போது ஒரு காலின் குறையை மற்றது மூடி மறைத்துவிடும். ஒற்றைக் காலில் அந்தச் சலுகை கிடையாது. இடுப்பின் பக்கத்துத் தசை தளர்ந்தால் இடுப்பே ஒரு பக்கம் தொங்கிப்போகும். கண்ணும், உட்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களும், பாதத்தின் தொடுவுணர்வும் மூளைக்கு ஓயாமல் தூது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால் ஒரு தூதன் குறைகிறான். உடனே தள்ளாட்டம் தொடங்கிவிடும். 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அப்படி முடியாதவர்களிடையே அடுத்த ஏழாண்டுக் காலத்தில் இறப்பு அதிகமாக இருந்தது. நிற்காததால் இறந்தார்கள் என்று யாரும் இதற்குப் பொருள் செய்துவிடக்கூடாது. உடம்பு உள்ளே தளர்ந்திருக்கும் செய்தியைக் கால் முன்னாலேயே சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான்.

பறவைகளின் கதையே வேறு. 2017-ல் இரண்டு விஞ்ஞானிகள் செத்துப்போன பூநாரையின் உடலை ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்தார்கள். நின்றது! அதன் எலும்பும் மூட்டும் அமைந்திருக்கும் விதமே அப்படி. மனிதன் பாடுபட்டுத் தேடுகிற நிலை பறவைக்குச் செத்த பிறகும் கிடைக்கிறது.

சிந்தோவின் பிறப்பைப் பற்றி ஓகினாவாவில் ஒரு வாய்மொழிக் கதை உண்டு. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய சீன மாலுமி ஒருவன் கடலோரக் குகையில் ஒளிந்துகொண்டு, இரவில் ஊருக்குள் புகுந்து உணவு திருடி வந்தானாம். அவனைப் பிடிக்க அரசர் தம் மெய்க்காவலரான மாட்சுமுரா சோகோனை அனுப்பினார். அதுவரை தோல்வியே அறியாத மாட்சுமுரா, அடித்த அடியெல்லாம் நழுவிப் போவதைக் கண்டு வியந்தார். கடைசியில் அவனைப் பிடித்துக் கட்டவில்லை. அவனிடமே பாடம் கேட்டார். அந்த மாலுமியின் பெயர்தான் சிந்தோ என்கிறார்கள். மாட்சுமுரா பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த உண்மை மனிதர். மாலுமிக்கோ கதையைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆயினும் கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒன்று பிடித்திருக்கிறது. தங்கள் அரசரின் வீரன் ஓர் அந்நியத் திருடனிடம் பாடம் கற்றான் என்பதைச் சொல்ல அந்த ஜனங்கள் வெட்கப்படவில்லை.

வெட்கப்பட வேண்டிய அவசியமும் இல்லை. அக்காலத்தில் அந்தத் தீவு ரியூக்யூ என்ற தனி ராஜ்யம். 1372 முதல் சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கை செலுத்தி, அதன் நிழலில் வாணிபம் செய்து வாழ்ந்தது. எதிர்க்கரையில் பூஜியன் மாகாணம். அங்கே யோங்சுன் என்ற ஊரில் 'வெள்ளைக் கொக்கு'க் குத்துச்சண்டை என்று ஒரு மரபு உண்டு. அதன் மூலவர் பாங் சீனியாங் என்ற பெண் என்பார்கள். ஒரு கொக்கை விரட்டக் கோலெடுத்தவள், அது கோலுக்கெல்லாம் தப்பி நின்றதைக் கண்டு அதையே குருவாகக் கொண்டாளாம். அவள் கதை ஓகினாவாவின் பழைய கையேடான 'புபிஷி'யிலும் இடம்பெற்றிருக்கிறது. விரட்டப் போய் மாணவராகத் திரும்பும் கதை இருகரையிலும் இருப்பதைக் கவனியுங்கள்.

1609-ல் ஜப்பானின் சாத்சுமாப் பிரபுக்கள் ரியூக்யூவை வென்று அடக்கினார்கள். 1879-ல் ராஜ்யமே ஒழிந்தது. கடைசி அரசர் ஷோ தாய் டோக்கியோவுக்குக் கொண்டு போகப்பட்டார். ஓகினாவா ஜப்பானின் ஒரு ஜில்லாவாயிற்று. அந்த நாளில் ஷுரி நகரில் சிறு பையனாக இருந்தவர் புனாகோஷி கிச்சின்.

புனாகோஷியின் இளமையில் ஒரு சம்பவம். வைத்தியக் கல்லூரிப் பரீட்சையில் அவர் தேறிவிட்டார். ஆனால் குடுமி வைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. பழைய குடிப்பெருமையின் சின்னமான அந்தக் குடுமியை எடுக்கக் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. படிப்புப் போயிற்று. பிறகு பள்ளிக்கூட உபாத்தியாயர் வேலைக்காக ஒருநாள் அதைக் கத்தரித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். தந்தை கொதித்தார். தாயோ மகன் முகத்தையும் பாராமல் புழக்கடை வழியாகப் பிறந்தகம் போய்விட்டாள். நம் வீடுகளிலும் கிராப்பு வந்த காலத்தில் இதே நாடகம் நடந்திருக்கிறது. யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1922-ல், ஐம்பது வயதைக் கடந்தபின், கராத்தேயைச் செய்து காட்ட அவர் டோக்கியோவுக்குப் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஓகினாவா மாணவர் விடுதி ஒன்றில் காவற்காரராகவும் தோட்டக்காரராகவும் இருந்து, பகலில் பெருக்கி, மற்ற நேரத்தில் வித்தை சொல்லிக்கொடுத்தார். தொப்பியையும் ஊரில் நெய்த அங்கியையும் அடகு வைத்த நாட்களும் உண்டு. மெல்ல மெல்ல மாணவர்கள் சேர்ந்தார்கள். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. காத்தாக்களின் பெயர்கள் சீனப் பெயர்கள், அல்லது தீவுப் பெயர்கள். பலவற்றின் பொருள் டோக்கியோ இளைஞர்களுக்கு விளங்கவில்லை. அவர் சொன்ன காரணம் இதுதான். சொல்லாத காரணம் நாட்டின் காற்றிலேயே இருந்தது. 1931-ல் மஞ்சூரியா, 1937-ல் சீனாவோடு முழு யுத்தம். சீன வாசனை வீசும் எதுவும் ஜப்பானில் தலைநிமிர்ந்து நடக்க முடியாத காலம். 1935-ல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் சிந்தோ இல்லை. அதே காத்தா 'கங்காகு' என்று இருக்கிறது; பாறைமேல் கொக்கு என்று அதற்குப் பொருள். 'சீனக் கை' என்று எழுதிவந்த கராத்தே என்ற பெயரும், உச்சரிப்பு மாறாமல், 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்துக்கு மாறியது.

மாலுமியின் பெயர் போய்ப் பறவையின் பெயர் வந்தது. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. நிலையைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனாலும் எனக்கு அந்தத் திருடனை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நூறு வருஷம் போல அவனுக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர். புனாகோஷியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. குடுமியைக் காப்பாற்றிப் படிப்பை இழந்தவர் அவர். இரண்டாம் முறை எதை வெட்ட வேண்டும் என்பதில் அவர் தயங்காதது இயல்புதானே?

பெயரை மாற்றாத ஒருவரும் இருந்தார். கியான் சோதோக்கு. அவருடைய தந்தை கடைசி அரசரின் பணியில் இருந்தவர். பிள்ளையோ ஒல்லி, குள்ளம், பார்வையும் மந்தம். 'சின்னக் கண் கியான்' என்றே ஊரார் அழைத்தார்கள். கண் எவ்வளவு தூரம் நிலையைத் தாங்குகிறது என்று சற்றுமுன் சொன்னேன். அந்தக் கண் குறைந்தவருக்குச் சிந்தோவில்தான் பெரும் புகழ். பிற்காலத்தில் அவர் ஓகினாவாவிலேயே இருந்தார். 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்தத் தீவில் நடந்த சண்டையில் பொதுஜனங்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். ஷுரி அரண்மனை இடிந்து மண்ணாயிற்று. குண்டுக்குத் தப்பிய கியான், அந்த செப்டம்பரில், அகதிகள் முகாமில் பட்டினியால் உடல் நலிந்து இறந்தார். வயது எழுபத்து நான்கு. அதே வருஷம் டோக்கியோவில் புனாகோஷியின் பயிற்சிக்கூடம் விமானக் குண்டில் எரிந்தது. அவருடைய மகன் கிகோவும் நோயில் மறைந்தார். புனாகோஷி 1957 வரை இருந்தார்.

1984-ல் வந்த 'கராத்தே கிட்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தவர்கள், கடற்கரையில் மரக்கட்டையின் மேல் கிழவர் ஒற்றைக் காலில் நின்று உதைப்பதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த உதை படத்துக்காகப் புனைந்தது. சிந்தோவில் அது இல்லை.

கியானிடம் கற்றவர்களுள் ஒருவரான நாகாமினே ஷோஷின் 1947-ல் தம் மரபுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே காத்தாவின் பெயர் சிந்தோதான். புனாகோஷியின் வழி வந்தவர்களுக்கு அது கங்காகு. சர்வதேசப் போட்டிகளுக்கான காத்தாப் பட்டியலில், அகரவரிசைப்படி, இரண்டு பெயரும் தனித்தனி எண்ணில் அச்சாகியிருக்கின்றன.