லெகோ தொடருந்து உருமாதிரி

லெகோ தொடருந்து உருமாதிரி என்பது டென்மார்க்கின் லெகோ நிறுவனம் தயாரிக்கும் விளையாட்டுக் கட்டைகளைக் கொண்டு உண்மையான தொடருந்துகளை நுணுக்கமாக அமைக்கும் பொழுதுபோக்கு ஆகும். இந்நிறுவனம் தனது முதல் தொடருந்துத் தொகுதிகளை 1966 இல் வெளியிட்டது.

இதில் அளவுத்திட்டமே பெருஞ்சிக்கல். லெகோ தண்டவாளங்களின் இடைவெளி ஏறத்தாழ 37.5 மில்லிமீட்டர், 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள உண்மைப் பாதையோடு ஒப்பிட்டால் இது 1:38 ஆகும். கட்டைக் குமிழ்கள் 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைவதால், 3 மீட்டர் அகலமுள்ள பெட்டிக்கு இவ்விகிதத்தில் பத்துக் குமிழ் அகலம் வேண்டும். வழமையான வளைவின் ஆரமோ 32 சென்டிமீட்டர் மட்டுமே. அதில் அத்தனை பெரிய பெட்டி திரும்பாது. எனவே பலர் எட்டுக் குமிழ் அகலத்தில், நீளத்தையும் குறைத்தே கட்டுகின்றனர். பார்வைக்கு இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை.

தண்டவாளம் வழியே 9 வோல்ட்டு மின்சாரம் பெற்று 1991 முதல் ஓடிய வகை 2007 அளவில் கைவிடப்பட்டது. அதன்பின் மின்கலங்களைத் தொடருந்துக்குள்ளேயே மறைக்க வேண்டியதாயிற்று; உட்புற வேலைப்பாட்டுக்கான இடமும் சுருங்கியது.