சவர்க்காரமும் புரதச் சங்கிலியின் வடிவமும்

கொழும்பு மாநகரின் வடபால், கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸில், லீவர் பிரதர்ஸ் நிறுவனத்தின் சவர்க்காரத் தொழிற்சாலை 1940 ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிற்று. தென்பால் வெள்ளவத்தை இல்லங்களிற் கறிக்கும் கூந்தலுக்கும் பயன்படும் தேங்காயெண்ணெயே சவர்க்காரத் தொழிலுக்கும் சிறந்த மூலப்பொருளாகும். அவ்வெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி, பன்னிரண்டு காபன் அணுக்கள் தொடர்ந்தமைந்த லோரிக் அமிலமாகும். இப்பன்னிரு காபன் தொடர் துணியின் அழுக்கை அகற்றுவதோடு அமையாது, புரத ஆராய்ச்சியின் வரலாற்றிலும் இடம்பெற்றமை பலர் அறியாத செய்தியாகும்.

சவர்க்காரம் போன்ற பொருள்கள் நீரின் பரப்பிழுவையைக் குறைப்பன. அவற்றின் மூலக்கூறு இருவேறு இயல்பு வாய்ந்தது. தலை நீரை நாடும், வால் நீரை விலக்கும். தேங்காயெண்ணெயிலிருந்து பெறத்தக்க அற்ககோலைக் கொண்டு ஆக்கப்படும் சோடியம் டோடெசைல் சல்பேற்று இவ்வினத்தைச் சார்ந்தது. அதன் தலை எதிர்மின்னேற்றம் உடையது. வால் பன்னிரண்டு காபன் நீளமானது. இத்தகைய பொருள், மடிந்து வடிவுகொள்ளும் புரதச் சங்கிலியை அணுகும்போது யாது நிகழும் என்பதே ஆய்வாளர் முன் எழுந்த வினா.

வினாவை எழுப்புமுன் வடிவங்களை அறிதல் வேண்டியிருந்தது. 1951 இல் அமெரிக்காவில் போலிங், கோரி, பிரான்சன் ஆகியோர் அல்பாச் சுருளியை விளக்கினர். அவ்வாண்டிலேயே போலிங்கும் கோரியும் பீற்றா மடிப்புத்தாளையும் விளக்கினர். மூன்றாண்டுகள் கழிய, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலுக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் கொலாசன் மூன்று சங்கிலிகள் பின்னிய அமைப்புடையது என முன்மொழிந்தனர். 1963 இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எவ்வெக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதைக் கணித்து ஒரு படமாக வரைந்தனர். இன்று உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்ப்போர் பயன்படுத்தும் அப்படம் இராமச்சந்திரன் பெயராலேயே வழங்குகின்றது.

ஆயின் அப்படம் கூறுவது ஏலும் வடிவங்களை மாத்திரமே. ஏலும் பலவற்றுள் ஒன்றைச் சங்கிலி தெரிந்துகொள்வது எதனால்? இயற்கைப் புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள் கலந்திருப்பதால் விடை காண்டல் அரிது. ஆதலின் ஒரேவகை அமினோ அமிலத்தையே தொடராகக் கோத்த செயற்கைப் பல்பெப்தைட்டுகளை ஆய்வாளர் நாடினர். 1940களில் எப்ராயிம் கட்சால்ஸ்கி முதலியோர் ஆக்கிய பொலிலைசின் இவற்றுட் சிறந்தது. இவரே பின்னாளில் இஸ்ரேலின் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். பொலிலைசின், நடுநிலை நீரில் நேர்மின்னேற்றம் பெற்ற தன் பக்கக்கிளைகள் ஒன்றையொன்று தள்ளுவதால், ஒழுங்கான மடிப்பின்றிக் கிடக்கும். காரத்தன்மை மிகுந்து மின்னேற்றம் நீங்கின் சுருளியாகும்; அச்சுருளியைச் சூடாக்கின் மடிப்புத்தாளாக மாறும்.

1966 இல் சர்க்காரும் டோட்டியும் இச்சங்கிலியைச் சோடியம் டோடெசைல் சல்பேற்றுக் கரைசலில் ஆராய்ந்தபோது, சூடேற்றாமலே அது மடிப்புத்தாளின் ஒளிச்சுழற்சியைக் காட்டிற்று. சல்பேற்றுத் தலைகள் லைசினின் மின்னேற்றத்தை நடுநிலையாக்க, தள்ளுகை தணிந்தது. வால்கள் நீரை விட்டு ஒன்றோடொன்று நெருங்க, சங்கிலிக்கு ஒழுங்கு வாய்த்தது. 1973 இல் சட்டாகேயும் யாங்கும் லைசினையொத்த ஓர்னித்தீன் சங்கிலியை இவ்வாறே ஆராய்ந்தனர். லைசினின் பக்கக்கிளையில் நான்கு காபன் கூட்டங்கள், ஓர்னித்தீனில் மூன்று. வேறுபாடு ஒன்றே. ஆயினும் ஓர்னித்தீன் சங்கிலி மடிப்புத்தாளாகாது சுருளியாயிற்று.

இவ்வாய்வின் சிறப்பு அக்காலத்து மற்றொரு முயற்சியோடு ஒப்பிடுமிடத்துத் தெளிவாகும். அதே சல்பேற்றினால் புரதங்களின் இயல்பான மடிப்பைக் குலைத்து, மின்புலத்தில் ஓடவிட்டு, பருமன்வாரியாகப் பிரிக்கும் முறை 1960களின் பிற்பகுதியில் வளர்ந்தது. பெரும்பாலான புரதங்கள் தம் நிறையின் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 1.4 கிராம் சல்பேற்றை ஏற்பதாக 1970 இல் ரெயினோல்ட்சும் டான்போர்டும் காட்டினர். இம்முறையை அறிந்தோர் இப்பொருளை வடிவத்தின் பகை என்று எண்ணுதல் இயல்பே. செயற்கைச் சங்கிலிகளோ அது வடிவத்தை ஆக்கவும் வல்லது எனக் காட்டின. குலைக்கப்பட்ட புரதங்களிலேயும் சுருளிப் பகுதிகள் எஞ்சலாம், புதிதாய்த் தோன்றவும் கூடும்.

எனவே வடிவம் சங்கிலியின் தனியுடைமை அன்று. எவ்வடிவங்கள் ஏலும் என்பதைச் சங்கிலியின் அமைப்பு வரையறுக்கும். அவற்றுள் எது நிலவும் என்பதைச் சூழலும் சேர்ந்தே முடிவு செய்யும். முன்னதைச் சென்னையில் வரைந்த படம் உணர்த்திற்று. பின்னதைப் பரப்பிழுவை குறைக்கும் பொருள்கள் உணர்த்தின. இரண்டும் இணைந்த இடத்திலேயே புரத வடிவம் பற்றிய முழு விளக்கம் பிறக்கின்றது.

இவ்வரலாறு ஈழத்து மாணவர்க்கு அயலான ஒன்றன்று. தேங்காயெண்ணெயின் பன்னிரு காபன் தொடரும் சென்னையிற் பிறந்த படமும் அவர்க்கு அண்மையனவே. அறிவியலைத் தமிழிற் கற்பிக்கும் வகுப்பறைகளில் இவை வெறும் சூத்திரங்களாக அன்றி, நம் மண்ணோடும் மொழியோடும் தொடர்புடைய வரலாறாகவும் எடுத்துரைக்கப்படுமாயின், நாள்தோறும் கையில் நுரைக்கும் சவர்க்காரமே புரத வேதியியலுக்கு நல்லதொரு வாயிலாகும்.