வலையின் அமைப்பு நெறியும் பெருநிறுவனக் கணனிகளும்

தொலைவிலுள்ள கணனியின் செயற்கூறொன்றைத் தன்னிடமே உள்ளது போல அழைக்கலாம் என்ற எண்ணம், 1984 இல் பிறெல், நெல்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரையால் வலுப்பெற்றது. வங்கி, காப்புறுதி முதலிய பெருநிறுவனங்களின் மென்பொருள் பல கணனிகளிடையே பகிரப்பட்டபோது இவ்வெண்ணமே ஆட்சி செலுத்தியது. 1991 இல் வெளிவந்த கோர்பா நியமமும் அதன் வழித்தோன்றலே.

ஆயின், தொலைவு மறைத்தால் மறைந்துவிடும் பொருளன்று. கணக்கொன்றிலிருந்து பணத்தைக் கழிக்குமாறு விடுத்த அழைப்புக்கு விடை வராவிடின், அழைப்புப் போய்ச் சேரவில்லையா, பணம் கழிக்கப்பட்ட பின் விடைதான் தொலைந்ததா என்பதை அழைத்த கணனி அறியாது. மீண்டும் அழைத்தால் இருமுறை கழிபடலாம். சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோ முதலிய நால்வர், தொலை அழைப்பை உள்ளழைப்பாகக் கருதுவதன் தவறினை 1994 இல் எடுத்துக்காட்டினர்.

வலை பிறந்த வழி வேறு. சேர்ண் ஆய்வுகூடத்தில் 1989 இல் ரிம் பேர்ணர்ஸ் லீ முன்மொழிந்த அதன் நோக்கம் தகவற் பகிர்வே. அதன் நெறியை வகுத்துரைத்தவர், எச்.ரி.ரி.பி. நியமத்தை ஆக்கியோருள் ஒருவரான றோய் பீல்டிங். 2000 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்திற்கு அளித்த கலாநிதிப்பட்ட ஆய்வில் அந்நெறிக்கு றெஸ்ற் எனப் பெயரிட்டார். ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு முகவரி. யாவற்றுக்கும் பொதுவான சில செயல்கள். முந்திய உரையாடலை நினைவிற் கொள்ளாத சேவைக் கணனி. ஆதலின் ஒரு கணனி செயலிழந்தால் அடுத்த கோரிக்கையை மற்றொன்று ஏற்கலாம். தகவல் பெறும் கோரிக்கையைத் திரும்ப அனுப்புவதிலும் தீங்கில்லை.

பெருநிறுவனங்கள் அவ்வேளை நாடியது சோப் என்னும் நியமத்தையே. அதன்மேல் பாதுகாப்புக்கொன்று, கொடுக்கல் வாங்கலுக்கொன்று என விதிநூல்கள் குவிந்தன. குவிந்த விதிகளைக் கற்பதே தனித்தொழிலாயிற்று எனலாம். அமேசன் இருவழிகளையும் திறந்து வைத்தபோது மென்பொருளாளரிற் பெரும்பாலோர் எளிய வழியையே தெரிந்தனர். கூகிள் தனது சோப் தேடற் சேவைக்குப் புதியோரைச் சேர்ப்பதை 2006 இல் நிறுத்தியது.

எனினும் இவ்வெற்றியை முழுமையானதெனக் கொள்ளல் பொருந்தாது. பொது இடைமுகம் செயற்றிறனைக் குறைக்கும் என்றும், பெரும் ஆவணப் பரிமாற்றத்துக்கே இந்நெறி உகந்தது என்றும் பீல்டிங்கே எழுதியுள்ளார். இரு வங்கிகளில் ஒன்றிற் கழிவும் மற்றதில் வரவும் ஒருசேர நிகழவேண்டுமெனின், அதற்கான ஏற்பாடு இந்நெறியில் இயல்பாக இல்லை. பணமாற்றத்தையே முகவரியுள்ள வளமாக்கி, தவறின் எதிர்ப்பதிவால் ஈடுசெய்வது ஒரு வழி. அச்சுமை மென்பொருளாளர் தலையிலேயே விழுகின்றது. போதாக்குறைக்கு, றெஸ்ற் என்ற பெயரைச் சூடிய பல சேவைகள் இணைப்புகளால் வழிநடத்தப்படவில்லை என 2008 இல் பீல்டிங் குறைகூறினார்.

2015 இல் கூகிள் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. தொலை அழைப்பினை நிறுவனங்களின் உட்புறத்துக்கு மீளக் கொணர்ந்தது. ஆனால் இம்முறை, விடைக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பதென்ற கெடுவை அழைப்பவரே விதிக்கலாம்.