சுண்ணத்தின் மெருகு

வாடகை வீடாயினும் சொந்த வீடாயினும், சுவருக்கு வண்ணம் அடிக்கும் நாள் வந்ததும் எந்த வண்ணம் உயர்ந்தது என்றே நாம் முதலில் விசாரிக்கிறோம். சுவரைக் கையால் தடவிப் பார்ப்போர் மிகச் சிலர். வண்ணம் மெல்லிய படலமே. அடியில் மேடு பள்ளம் இருப்பின், விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது அத்தனையும் தெரிந்துவிடும். நம் நாட்டுப் பழங்கொத்தர்கள் இதனை நன்கறிந்திருந்தமையால், உழைப்பின் பெரும்பகுதியை அடிப்பூச்சிலேயே செலவிட்டனர்.

இராஜஸ்தானத்தில் வாழும் நம்மவர், ஆம்பேர் அரண்மனையிலும், 1727 இல் சவாய் ஜெய்சிங் நிறுவிய ஜெய்ப்பூர் நகரத்து மாளிகைகளிலும், சலவைக்கல்லோ என மயங்கச் செய்யும் வெண்சுவர்களைக் கண்டிருப்பர். அப்பூச்சுக்கு அங்கே 'ஆராயிஷ்' என்று பெயர். பாரசீகத்தில் அலங்காரம் என்பது அச்சொல்லின் பொருள். சுண்ணாம்பை நீற்றிப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும், நீரில் ஊற வைப்பர். தயிரும் வெல்லமும் அதிற் சேரும். முதலில் செங்கற்பொடி கலந்த பருஞ்சாந்து. அதன்மேல் சலவைக்கல் தூள் கலந்த நுண்சாந்து. அதற்கும் மேலே, வடிகட்டிய சுண்ணப்பாலைத் தூரிகையால் பன்முறை பூசுவர். ஈரம் முற்றும் உலருமுன் அகேட் என்னும் வழுவழுப்பான மணிக்கல்லால் தேய்க்க வேண்டும். முந்தித் தேய்த்தால் சாந்து பெயர்ந்து வரும். பிந்தினால் மெருகு ஏறாது. அந்தப் பதம் கைப்பழக்கத்தால் வருவது. இறுதியாகத் தேங்காயெண்ணெய் சிறிது தொட்டுத் துடைப்பர். தென்னை காணாத பாலை நாட்டில் இவ்வெண்ணெய் சுவருக்குச் சென்றமை நமக்குச் சற்று வியப்பே!

இந்த மெருகின் இரகசியம் காற்றில் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு கரியமில வாயுவை ஈர்த்து, மீண்டும் சுண்ணக்கல்லின் இயல்பையே அடைகிறது. ஈரத்தின்மீது இட்ட நிறமும் அக்கல்லோடு கல்லாகிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை, 1931 இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளிப்படுத்தினார். அத்தனை நூற்றாண்டுகள் அவை நிலைத்ததில் சுண்ணப் பூச்சுக்கும் பங்குண்டு. சென்னைப் பட்டணத்திலோ கடற்சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். அச்சுவர்களின் பளபளப்பைக் கண்டு வியந்த ஆங்கிலேயர், நம் 'சுண்ணம்' என்ற சொல்லையே தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர்.

செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்ந்த பூச்சு பெயர் பெற்றது. அவ்வீடுகளுக்கும், ஜெய்ப்பூருக்கு வடக்கேயுள்ள சேகாவாட்டி மாளிகைகளுக்கும் ஓர் உறவு உண்டு. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் பொருளீட்டினர். மார்வாடி வணிகர் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஈட்டினர். இருசாராரும் அப்பொருளைப் பிறந்த ஊரின் சுவர்களில் இட்டனர். ஆண்டில் சில நாள் மட்டுமே தங்கும் வீட்டுக்கு ஏன் இத்தனை மெருகு என்று வேற்றார் கேட்கலாம். ஊரை விட்டு வந்த நாம் கேட்கமாட்டோம். 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது செட்டிநாட்டின் வருவாய் முறிந்தது. சேகாவாட்டிக் குடும்பங்களும் பெருநகரங்களிலேயே நிலைகொண்டன. பல வீடுகள் பூட்டப்பட்டன.

பூட்டிய வீட்டைப் பழுதுபார்க்க வந்தது சிமெண்டு. 1914 இல் போர்பந்தரில் சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது முதற்கொண்டு அது மெல்லப் பரவி, மாதக்கணக்கான வேலையைச் சில நாட்களில் முடித்துத் தந்தது. அதன் உதவியை நாம் குறைத்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், சுண்ணச் சுவர் தன்னுள் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும் இயல்பினது. அதன்மேல் சிமெண்டு அப்பினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, ஓவியத்தோடு பூச்சே பெயர்ந்து விழுகிறது. பல மாளிகைகளில் மழையைவிட இத்தகைய ஒட்டுவேலை செய்த சேதமே மிகுதி என்பது நம் எண்ணம்.

ஊரில் பழைய சுண்ணச் சுவர் வீடு உடையோர், விடுமுறைக்குச் செல்லுங்கால் அதன்மேல் சிமெண்டோ நெகிழிச் சத்துள்ள வண்ணமோ ஏற்ற விரையலாகாது. முதலில் கூரை ஒழுக்கை அடைத்து, ஒரு கோடை முழுதும் சுவரை உலரவிட்டு, பெயர்ந்த இடங்களைச் சுண்ணச் சாந்தாலேயே நிரப்பி, அதன்பின் வெள்ளையடிக்கலாம். இவ்வேலை அறிந்த கொத்தர்கள் காரைக்குடிப் பக்கத்தில் இன்றும் உளர்.