முறுக்குவிசை மாற்றி (ஹாட் ராட்)

முறுக்குவிசை மாற்றி என்பது தானியங்கிக் கியர்ப்பெட்டி கொண்ட தானுந்துகளில் பொறியையும் கியர்ப்பெட்டியையும் எண்ணெய் ஓட்டத்தின் மூலம் இணைக்கும் கருவி ஆகும். இது டார்க் கன்வெர்ட்டர் என்றும் அழைக்கப்படுகின்றது. தொழிற்சாலையில் உருவாகும் தானுந்துகளில் இதன் அளவையும் தன்மையையும் வடிவமைப்பாளர்களே முடிவு செய்கின்றனர். வீட்டில் கட்டப்படும் ஹாட் ராட் வண்டியிலோ பொறி ஒரு வண்டியிலிருந்தும், கியர்ப்பெட்டி வேறொரு வண்டியிலிருந்தும், பின் அச்சு இன்னொன்றிலிருந்தும் பெறப்படுவதால், பொருத்தமான மாற்றியைத் தெரிவு செய்யும் பொறுப்பு கட்டுபவரையே சார்கின்றது. பொருந்தாத மாற்றி வலுவான பொறியையும் மந்தமாக்கும். கியர்ப்பெட்டி எண்ணெயை மிகையாகச் சூடாக்கிக் கியர்ப்பெட்டியையே பழுதாக்கவும் கூடும்.

ஹாட் ராட்

ஹாட் ராட் என்பது பழைய அமெரிக்கத் தானுந்து ஒன்றின் உடலையும் சட்டகத்தையும் மாற்றியமைத்து, அதிக வலுவுள்ள பொறியைப் பொருத்தி உருவாக்கப்படும் வண்டியைக் குறிக்கும். இவ்வழக்கம் 1930களில் தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் நடைபெற்ற வேகப் போட்டிகளோடு வளர்ந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி, மாடல் ஏ, 1932ஆம் ஆண்டு வெளிவந்த வி8 பொறி வண்டி ஆகியவை இதற்குப் பெரிதும் பயன்பட்டன. 1955இல் செவ்ரோலே அறிமுகப்படுத்திய சிறு வி8 பொறி பிற்காலத்தில் ஹாட் ராட் வண்டிகளில் மிகப் பரவலாக இடம்பெற்றது. தொடக்ககால வண்டிகளில் கைமுறைக் கியர்ப்பெட்டிகளே இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 (1964), 350 (1969), 700ஆர்4 (1982) போன்ற தானியங்கிக் கியர்ப்பெட்டிகள் பழைய வண்டிகளிலிருந்து எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர், முறுக்குவிசை மாற்றித் தெரிவும் இக்கலையின் ஒரு பகுதியாயிற்று.

வரலாறு

நீரியக்க முறையில் ஆற்றலைக் கடத்தும் கருவியை செருமானியப் பொறியியலாளர் எர்மான் ஃபொட்டிங்கர் உருவாக்கி 1905இல் காப்புரிமம் கோரினார். அதிவேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியைக் கப்பலின் மெதுவாகச் சுழலும் உந்தியுடன் இணைப்பதே அவரது நோக்கமாக இருந்தது. 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் தானுந்துகளில் இடம்பெற்ற ஹைட்ராமேட்டிக் கியர்ப்பெட்டி, முறுக்குவிசையைப் பெருக்காத எளிய பாய்ம இணைப்பியையே கொண்டிருந்தது. முறுக்குவிசை மாற்றி பயணியர் தானுந்துகளில் பேரளவில் இடம்பெற்றது 1948இல் பியூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ மூலமாகும். 1949இல் பேக்கார்டு நிறுவனம் பூட்டுக் கிளட்ச் கொண்ட மாற்றியை அறிமுகப்படுத்தியது.

அமைப்பும் இயக்கமும்

முறுக்குவிசை மாற்றியின் எண்ணெய் நிரம்பிய கூட்டினுள் மூன்று முதன்மை உறுப்புகள் உள்ளன.

எக்கி: கூட்டுடன் இணைந்து பொறியின் வேகத்திலேயே சுழல்வது. இதன் இதழ்கள் எண்ணெயை வெளிவிளிம்பை நோக்கித் தள்ளுகின்றன.
சுழலி: எக்கியிலிருந்து வரும் எண்ணெயால் சுழற்றப்பட்டு, கியர்ப்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டை இயக்குவது.
நிலையி: இவ்விரண்டிற்கும் நடுவில் ஒருவழிக் கிளட்ச் மீது அமைந்துள்ளது. சுழலியிலிருந்து திரும்பும் எண்ணெயை எக்கியின் சுழற்சித் திசைக்குத் திருப்பிவிடுகின்றது.

வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எக்கி வேகமாகவும் சுழலி மெதுவாகவும் சுழலும். இந்நிலையில் நிலையி அசையாது நின்று எண்ணெயைத் திருப்புவதால், சுழலி பெறும் முறுக்குவிசை பொறி தரும் முறுக்குவிசையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகின்றது. சுழலியின் வேகம் எக்கியின் வேகத்தில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காட்டை எட்டும்போது நிலையியும் சுழலத் தொடங்கும். அதன்பின் பெருக்கம் இராது. மாற்றி வெறும் பாய்ம இணைப்பியாகவே செயல்படும். வேகங்களுக்கிடையே எஞ்சியிருக்கும் வேறுபாடு வழுக்கல் எனப்படும். வழுக்கலால் இழக்கப்படும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறுகின்றது.

ஸ்டால் வேகம்

சுழலியை அசையாமல் நிறுத்தி வைத்துப் பொறியை முழு வலுவில் இயக்கினால், பொறி ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் செல்ல இயலாது. அந்த வேகம் ஸ்டால் வேகம் எனப்படும். விற்பனைப் பட்டியல்களில் மாற்றிகள் இவ்வெண்ணாலேயே வகைப்படுத்தப்படுகின்றன. எனினும் ஸ்டால் வேகம் மாற்றிக்கு மட்டுமே உரிய நிலையான எண் அன்று. அது மாற்றியும் பொறியும் சேர்ந்து தரும் விளைவாகும்.

எக்கி ஏற்கும் முறுக்குவிசை அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே ஒரு மாற்றியின் ஸ்டால் வேகத்தை அவ்வேகத்தில் பொறி தரும் முறுக்குவிசையின் இருமடி மூலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் ஏறத்தாழ மாறாதது. எடுத்துக்காட்டாக, 300 அடி-பவுண்டு முறுக்குவிசை தரும் பொறியுடன் ஒரு மாற்றி நிமிடத்திற்கு 2000 சுற்றுகளில் ஸ்டால் ஆகுமெனில், அவ்வெண் 115.5 ஆகும். அதே மாற்றியை வெவ்வேறு பொறிகளுடன் பொருத்தும்போது ஸ்டால் வேகம் பின்வருமாறு மாறும்.

200 அடி-பவுண்டு தரும் பொறி: ஏறத்தாழ 1630 சுற்றுகள்
300 அடி-பவுண்டு தரும் பொறி: 2000 சுற்றுகள்
400 அடி-பவுண்டு தரும் பொறி: ஏறத்தாழ 2310 சுற்றுகள்

இங்கு கருத வேண்டியது பொறியின் உச்ச முறுக்குவிசையை அன்று. ஸ்டால் வேகத்தில் அது தரும் முறுக்குவிசையையே ஆகும். "2400 ஸ்டால்" என்று விற்கப்படும் மாற்றி வலுக்குறைந்த பொறியில் 2400ஐ எட்டாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

எக்கி ஏற்கும் முறுக்குவிசை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கிற்கும் நேர்விகிதத்தில் உள்ளது. ஏனைய அமைப்புகள் மாறாதிருப்பின், 10 அங்குல மாற்றி அதே வேகத்தில் 12 அங்குல மாற்றி ஏற்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை மட்டுமே ஏற்கும். எனவேதான் உயர் ஸ்டால் மாற்றிகள் சிறிய விட்டம் கொண்டவையாக உள்ளன. இதழ்களின் கோணத்தையும் நிலையியின் வடிவத்தையும் மாற்றியும் ஸ்டால் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

தெரிவு செய்யும் முறை

கேம் தண்டு

வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் தண்டு, உயர் வேகத்தில் கூடுதல் வலுவையும் குறைந்த வேகத்தில் குறைவான முறுக்குவிசையையும் தருகின்றது. இத்தகைய பொறியுடன் தாழ் ஸ்டால் மாற்றியைப் பொருத்தினால் வண்டி கிளம்பும்போது தயங்கும். வண்டி நின்றிருக்கையில் கியர் இடப்பட்டால் பொறி அணைந்துவிடவும் கூடும். கேம் தண்டுடன் வரும் விவரத்தாளில் அது நன்கு செயல்படும் வேக எல்லை தரப்பட்டிருக்கும். அவ்வெல்லையின் தொடக்கத்தைவிட ஏறத்தாழ 500 சுற்றுகள் கூடுதலான ஸ்டால் வேகத்தைத் தெரிவு செய்வது வழக்கம். எல்லை 1800 சுற்றுகளில் தொடங்குமெனில் 2300 சுற்றுகள் பொருத்தமானவை.

பொதுவாகப் பின்பற்றப்படும் தோராயமான அளவுகள் வருமாறு:

மாற்றம் செய்யப்படாத பொறி, அன்றாடப் பயன்பாடு: 1600 - 1800 சுற்றுகள்
மிதமான கேம் தண்டு, சாலைப் பயன்பாடு: 2000 - 2400 சுற்றுகள்
வலுவான கேம் தண்டு, சாலையும் சில வேளை போட்டியும்: 2500 - 3000 சுற்றுகள்
நேர்பாதை வேகப் போட்டி மட்டும்: 3500 சுற்றுகளும் அதற்கு மேலும்

எடை

ஹாட் ராட் வண்டிகளுள் பல, அவற்றின் பொறிகள் முதலில் இருந்த பெரிய தானுந்துகளைவிட எடை குறைந்தவை. இலேசான வண்டியை நகர்த்தக் குறைவான முறுக்குவிசையே போதும் என்பதால், அதற்கு மிக உயர்ந்த ஸ்டால் வேகம் தேவைப்படுவதில்லை. அவ்வாறு பொருத்தினால் கிளம்பும்போது பின் டயர்கள் பிடிமானம் இழந்து சுழலும்.

பின் அச்சும் டயரும்

நெடுஞ்சாலையில் செல்லும்போது பொறியின் வேகம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்ட பின்னரே மாற்றியைத் தெரிவு செய்ய வேண்டும். இதற்கான வாய்பாடு:

பொறி வேகம் = மைல் வேகம் × பின் அச்சு விகிதம் × கியர் விகிதம் × 336 ÷ டயர் விட்டம் (அங்குலத்தில்)

பின் அச்சு விகிதம் 3.55, டயர் விட்டம் 28 அங்குலம் எனக் கொள்வோம். டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்ப்பெட்டியின் மூன்றாம் கியர் விகிதம் 1 ஆகையால், மணிக்கு 60 மைல் வேகத்தில் பொறி ஏறத்தாழ 2560 சுற்றுகளில் இயங்கும். 2300 ஸ்டால் மாற்றி இங்கு ஒத்துவரும். அதே வண்டியில் 700ஆர்4 பொருத்தப்பட்டால், அதன் நான்காம் கியர் விகிதம் 0.70 ஆகையால் பொறி வேகம் ஏறத்தாழ 1790 ஆகக் குறையும். அப்போது அதே 2300 ஸ்டால் மாற்றி கூடுதலாக வழுக்கும்.

ஸ்டால் வேகம் முழு வலுவில் அளக்கப்படுவது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். சமவெளியில் சீராகச் செல்லும்போது பொறி தரும் முறுக்குவிசை குறைவாதலால், ஸ்டால் வேகத்திற்குக் கீழேயும் மாற்றி பெருமளவு இணைந்தே இயங்கும். எனினும் மேடு ஏறும்போதும் சுமை இழுக்கும்போதும் வழுக்கல் விரைவாக உயரும்.

பூட்டுக் கிளட்ச்

பூட்டுக் கிளட்ச் எக்கியையும் சுழலியையும் நேரடியாக இணைத்து வழுக்கலை நீக்குகின்றது. 1978 முதல் கிறைசுலர் தானுந்துகளிலும், தொடர்ந்து ஏனைய அமெரிக்கத் தானுந்துகளிலும் இது பரவலாயிற்று. 700ஆர்4 கியர்ப்பெட்டியில் இக்கிளட்ச் மின்காந்த வால்வு ஒன்றால் இயக்கப்படுகின்றது. வீட்டில் கட்டப்படும் வண்டியில் அதற்கான மின்னிணைப்பைக் கட்டுபவரே அமைக்க வேண்டும். இவ்விணைப்பு விடுபட்டாலும் வண்டி ஓடும். ஆனால் நெடுஞ்சாலையில் மாற்றி இடைவிடாது வழுக்கி எண்ணெய் சூடாகும். பிரேக் மிதிக்கும்போது பூட்டு விடுபடுமாறு இணைப்பு அமைதல் வேண்டும். இல்லையேல் வண்டி நிற்கும்போது பொறியும் அணைந்துவிடும்.

வெப்பம்

தானியங்கிக் கியர்ப்பெட்டிகளின் பழுதிற்கு மிகு வெப்பம் ஒரு முதன்மைக் காரணமாகும். 20 குதிரைத்திறன் கடத்தப்படும்போது வழுக்கல் 5 விழுக்காடாயின் ஏறத்தாழ 1 குதிரைத்திறன் வெப்பமாகும். அதுவே 15 விழுக்காடாயின் 3 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 2.2 கிலோவாட், வெப்பமாகும். இவ்வெப்பத்தை நீக்க, உயர் ஸ்டால் மாற்றி கொண்ட வண்டிகளில் காற்றால் குளிரும் தனி எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்தப்படுகின்றது.

ஸ்டால் நிலையில் நிலைமை இன்னும் கடுமையானது. 300 அடி-பவுண்டு முறுக்குவிசையுடன் 2000 சுற்றுகளில் பொறி இயங்கும்போது அதன் 114 குதிரைத்திறனும், அதாவது ஏறத்தாழ 85 கிலோவாட்டும், எண்ணெயிலேயே வெப்பமாகின்றது. இது 1 கிலோவாட் மின் இஸ்திரிப் பெட்டிகள் 85 சேர்ந்து தரும் வெப்பத்திற்குச் சமமாகும். ஆகவே பிரேக்கை அழுத்திச் செய்யப்படும் ஸ்டால் சோதனை 5 நொடிகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. சோதனையின்போது வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது.

பொருத்துதல்

சரியான மாற்றியும் தவறாகப் பொருத்தப்பட்டால் கெடும். பொருத்துவதற்கு முன் உள்ளீட்டுத் தண்டின் பற்கள் மாற்றியின் பற்களோடு ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். தொடக்ககால 700ஆர்4 தண்டுகள் 27 பற்களும் பிந்தியவை 30 பற்களும் கொண்டவை. பொறியின் முனையிலுள்ள மெல்லிய இணைப்புத் தட்டின் திருகுத் துளைகளும் மாற்றியின் துளைகளோடு ஒத்திருத்தல் வேண்டும்.

மாற்றியினுள் சிறிது எண்ணெய் ஊற்றியபின், அதைச் சுழற்றியவாறே கியர்ப்பெட்டியினுள் தள்ள வேண்டும். சுழலியின் பற்கள், நிலையியின் பற்கள், எண்ணெய் எக்கியின் பிடிப்பு என மூன்று இடங்களில் அது அடுத்தடுத்து அமரும். கியர்ப்பெட்டியைப் பொறியுடன் சேர்த்தபின், மாற்றியை இணைப்புத் தட்டில் திருகுவதற்கு முன், இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். இடைவெளி இல்லையெனில் மாற்றி முழுமையாக அமரவில்லை என்பது பொருள். அந்நிலையில் திருகுகளை இறுக்கினால், பொறியை முதன்முறை இயக்கும்போதே கியர்ப்பெட்டியின் எண்ணெய் எக்கி உடைந்துவிடும்.

பரவலான தவறான கருத்து

ஸ்டால் வேகம் உயர உயர வண்டியின் வேகமும் உயரும் என்னும் கருத்து ஹாட் ராட் ஆர்வலரிடையே பரவலாக உள்ளது. உயர் ஸ்டால் மாற்றி பொறிக்கு வலுவைச் சேர்ப்பதில்லை. பொறி தன் வலு மிகுந்த வேக எல்லையை விரைந்து எட்டுவதற்கு மட்டுமே உதவுகின்றது. குறைந்த வேகத்திலேயே போதிய முறுக்குவிசை தரும் பொறியில் அது வெப்பத்தையும் எரிபொருள் செலவையும் மட்டுமே கூட்டும். எனவே பொறி, கேம் தண்டு, வண்டியின் எடை, கியர்ப்பெட்டி, பின் அச்சு, டயர் ஆகியவை முடிவான பின்னரே மாற்றியைத் தெரிவு செய்வது ஏற்றது.

இவற்றையும் பார்க்க

தானியங்கிக் கியர்ப்பெட்டி
பாய்ம இணைப்பி
முறுக்குவிசை
கேம் தண்டு